நாளையை அவர் கையில் விட்டவர்கள்
யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியின் தொடக்க ஆண்டுகள் தரும் பாடம்

நூற்றாண்டு மலர் கையில் கிடைத்ததும் நாம் முதலில் தேடுவது நமது வகுப்புப் படத்தைத்தான். அதன்பின் அதிபர்களின் வரிசை, விடுதி நினைவுகள், விளையாட்டுப் போட்டியில் வென்ற கிண்ணங்கள். இவற்றையெல்லாம் மற்றச் சகோதரிகள் இம்மலரில் அழகாக எழுதியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது அதற்கு முந்திய கதை. யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை நிலைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாதிருந்த காலம் அது. அன்று உடுவிலில் எடுத்துவைத்த அடியின் நன்மையை, பின்னர் எழுந்த எந்தப் பெண்கள் பாடசாலையில் படித்தவர்களும் அனுபவித்திருக்கிறோம்.

அக்காலத்தைத் திரும்பிப் பார்க்க ஒரு காரணம் உண்டு. கவலைப்படாதே, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்ற ஆறுதலை நாம் காலை வணக்கத்திலும் விடுதி ஜெபத்திலும் எத்தனையோ தடவை கேட்டு வளர்ந்தோம். சொல்வது எளிது. வீசாவுக்குக் காத்திருக்கும் மகளுக்கும், வைத்திய அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் தாய்க்கும் அதைச் சொல்லும்போது நமக்கே குரல் தளர்கிறது. அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்பதை, அதை வாழ்ந்து பார்த்தவர்களிடம் கேட்பதே நல்லது.

ஆண்டவர் சொன்னதும் சொல்லாததும்

மலைப்பிரசங்கத்தில் இயேசு ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டிப் பேசியதை மத்தேயு ஆறாம் அதிகாரம் கூறுகிறது. அப்பகுதி முடியும் விதத்தைப் பலர் கவனிப்பதில்லை. நாளைக்குத் துன்பம் வராது என்று ஆண்டவர் அங்கே வாக்களிக்கவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் அதனதன் பாடு உண்டு என்றே முடிக்கிறார். நாளைய பாட்டை இன்றைய தோளில் ஏற்றாதே என்பதுதான் அவர் கேட்பது. பறவைகளும் கூட்டில் வாய்பிளந்து கிடப்பதில்லை. விடிந்ததும் இரைதேடிப் பறக்கின்றன. களஞ்சியம் கட்டாததால் அவை தூக்கம் கெட்டு இருப்பதுமில்லை.

கவலை என்ற தமிழ்ச் சொல்லுக்கு வழி பிரியும் சந்தி என்றும் ஒரு பழைய பொருள் உண்டு. எந்த வழி என்று தெரியாமல் சந்தியில் நின்றுவிடுகிறவனின் நிலையே கவலை என்று கொண்டால், விசுவாசம் என்பது முழுப் பாதையும் தெரியாவிட்டாலும் இன்று தெரிகிற அடியை எடுத்துவைப்பது. உடுவிலின் வரலாறு அப்படிப்பட்ட அடிகளால் ஆனது.

ஆட்பலம் நிறுத்தப்பட்ட ஆண்டுகள்

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் ஊழியத்தைத் தொடங்கினர். தொடக்கமே இழப்புகளோடு வந்தது. முதலில் வந்தவர்களுள் வாரன் 1818இல் இறந்தார். தானியேல் பூவர் ஐயரின் மனைவி சூசன் அம்மையார் 1821இலும், ரிச்சட்ஸ் 1822இலும் காலமாயினர்.

1819இல் பொஸ்ரனிலிருந்து புறப்பட்ட இண்டஸ் என்ற கப்பலில் இரண்டாவது குழு வந்தது. வின்ஸ்லோ, ஸ்போல்டிங், வூட்வேட், ஸ்கடர் ஆகிய நால்வரும் அவர்களது மனைவிமாரும் அதில் இருந்தனர். வின்ஸ்லோ என்றதும் நமக்கு நினைவில் வருவது 1862இல் வெளிவந்த தமிழ் ஆங்கில அகராதி. நம் கதைக்கு வேண்டியவரோ அவருடைய மனைவி ஹரியட். கனெக்ரிகட் மாநிலத்து நோரிச் நகரில் 1796இல் பிறந்த அவர், உடுவிலுக்கு வந்தபோது இருபத்து நான்கு வயது இளம்பெண்.

அவர்கள் வந்து சேர்ந்த சில மாதங்களிலேயே பிரித்தானிய அரசாங்கம் கதவை அடைத்தது. 1820இல் மிஷன் அச்சகத்துக்கென வந்த அச்சுத் தொழிலாளரை நாட்டைவிட்டு வெளியேறும்படி கட்டளை பிறந்தது. புதிய அமெரிக்க மிஷனரிமார் எவரும் இனி வரக்கூடாது என்பது அதன் பொருள். அத்தடை 1833 வரை நீடித்தது. இருப்பவர்கள் நோயுற்றால் பதிலாள் இல்லை. ஒருவர் இறந்தால் அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும். அமெரிக்காவுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வர ஓராண்டும் செல்லலாம்.

பொறுப்பான எவரும் இந்த நேரத்தில் புதிய வேலை ஒன்றைத் தொடங்கமாட்டார்கள். ஆனால் 1824இல், தடை நடுவே, ஹரியட் அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். ஆட்கள் வருவார்களா என்பது அவர் கையில் இல்லை. முற்றத்தில் நின்ற பிள்ளைகள் அவர் கையில் இருந்தார்கள்.

பெற்றோரின் பயம்

கவலை மிஷனரிமாருக்கு மட்டும் இருந்ததென்று எண்ணிவிடக்கூடாது. மகளை அனுப்பிய பெற்றோரின் கவலையே பெரிது. படித்த பெண்ணை யார் கட்டுவார்கள்? பிறர் வீட்டில் உண்டவளைச் சாதிசனம் ஏற்குமா? ஊர் என்ன சொல்லும்?

உடுவிலில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. தையல் பழகவந்த இரண்டு சிறுமியர் பெருமழையால் வீடு திரும்ப முடியாமல் மிஷன் வீட்டில் தங்கி உணவருந்தினார்களாம். தகப்பனுக்குக் கோபம் வந்தது. உண்டது உண்டாயிற்று, இனி அங்கேயே இருந்து படிக்கட்டும் என்று கடைசியில் அவரே விட்டுவிட்டாராம். கதையின் விவரங்கள் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். ஆனால் ஒரு வேளைச் சோறு எத்தனை பெரிய காரியமாக இருந்தது என்பதை அது மாறாமல் காட்டுகிறது. நம் கல்வியின் கதையில் அந்தத் தகப்பன்மாருக்கும் தாய்மாருக்கும் ஓர் இடம் வேண்டும். அவர்கள் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

மிஷன் இப்பயத்தை வெறும் ஜெபத்தால் மட்டும் எதிர்கொள்ளவில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுத்தார்கள். படிப்பை முடித்த பெண்ணுக்கு ஒரு சிறு சீதனமும் கொடுத்தார்கள். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த இளைஞர்களுக்கும் உடுவில் பெண்களுக்கும் திருமணங்கள் நடந்தன. சீதனத்தை இன்று நாம் எதிர்க்கிறோம், எதிர்க்கவும் வேண்டும். அன்று அது ஒரு தகப்பனின் மனப்பாரத்தைக் குறைக்க அறிந்து செய்த ஏற்பாடு. ஆண்டவரை நம்பியவர்கள் அரிசிக் கணக்கையும் பார்த்தார்கள். கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

கேட்டது கிடைக்காதபோது

விசுவாசக் கதைகள் பலவும் இறுதியில் எல்லாம் நலமாய் முடிந்தது என்று கூறும். ஹரியட் அம்மையாரின் கதை அப்படி முடியவில்லை. அவர் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். மகன் சாள்ஸைக் கல்விக்காக அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார். அவன் 1832இல் அங்கேயே இறந்தான். 1833 ஜனவரி 14ஆம் திகதி பேறுகாலத்தில் அம்மையாரும் இறந்தார். வயது முப்பத்தாறு. பாடசாலைக்கு ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை.

அதே 1833இல்தான் புதிய மிஷனரிமாருக்கு இருந்த தடை நீங்கியது. பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்த கதவு திறந்தபோது அதைக் காண அவர் இல்லை. பின்னர் அவருடைய தங்கைமார் மூவரும் மிஷன் ஊழியத்துக்குக் கடல் கடந்து வந்தனர். அவர்களுள் ஒருவரும் அவரது கணவரும் 1837இல் கொலராவால் சில நாள் இடைவெளியில் மாண்டனர்.

இதை வாசிக்கும்போது, ஆண்டவர் எங்கே பார்த்துக்கொண்டார் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஹரியட்டின் கடிதங்களையும் நாட்குறிப்பையும் கொண்டு அவர் கணவர் ஒரு நினைவு நூலை வெளியிட்டார். அதில் தெரிகிற பெண் கலங்காத கற்சிலை அல்லர். தன்னைத்தானே ஆராய்ந்து வருந்துகிறவர், அந்த வருத்தத்தோடேயே மன்றாடுகிறவர். கவலையே தோன்றாத மனம் விசுவாசத்துக்கு முன்நிபந்தனை என்றால் அவருக்கும் அதில் பங்கில்லை, நமக்கும் இல்லை. கவலை வந்தபோது அதைக் கொண்டுபோய் வைக்க அவருக்கு ஓர் இடம் இருந்தது. வைத்துவிட்டு எழுந்து பிள்ளைகளிடம் போனார். அவ்வளவுதான்.

அவருக்குப்பின் பாடசாலை விழவில்லை. அதே இண்டஸ் கப்பலில் வந்த மேரி ஸ்போல்டிங் அம்மையார் பொறுப்பேற்றார். 1837இல் அமெரிக்காவில் ஏற்பட்ட பணநெருக்கடியால் மிஷனுக்கு வந்த பணம் வெட்டப்பட்டது. கிராமங்களில் நடந்த இலவசப் பாடசாலைகள் பல மூடப்பட, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அப்பிள்ளைகளுள் பலருக்கு மறுபடி பாடசாலை கிடைத்திருக்காது. அதை நாம் மறக்கக்கூடாது. 1855இல் மீண்டும் ஒரு புயல் வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவின் முடிவால், புகழ்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியே மூடப்பட்டது. உடுவில் தொடர்ந்தது.

அந்தச் செமினரியின் கதையில் பழைய மாணவர் எவருக்கும் உரிய பாடம் ஒன்று இருக்கிறது. அங்கே கற்றவர்களும் உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் முயன்றதால், 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. கர்த்தர் பார்த்துக்கொண்டார் என்று அன்று சபைகளில் ஸ்தோத்திரம் செலுத்தியிருப்பார்கள். அவர் பார்த்துக்கொண்டது பழைய மாணவர்களின் கைகளைக் கொண்டு.

அக்னியூ அம்மையாரின் காத்திருப்பு

1840இல் உடுவிலுக்கு வந்தார் எலைசா அக்னியூ அம்மையார். நியூயோர்க்கில் 1807இல் பிறந்தவர். எட்டு வயதில் பூமிசாத்திர வகுப்பில் தொலைதேசங்களைப் பற்றிக் கேட்டபோதே, அங்கே சென்று ஆண்டவரைப் பற்றிச் சொல்வேன் என்று மனதில் முடிவெடுத்தாராம். ஆனால் அவர் உடனே கப்பலேறவில்லை. பெற்றோருக்குத் தாம் வேண்டியவராக இருந்தவரை அவர்களோடேயே இருந்தார். அவர்கள் காலமானபின் 1839இல் புறப்பட்டபோது வயது முப்பத்திரண்டு. அக்காலக் கணக்கில் அது முதிர்ந்த வயது, அதுவும் திருமணமாகாத பெண்ணுக்கு.

முதிய பெற்றோரைப் பார்ப்பதற்காகத் தொழிலை, படிப்பை, பயணத்தைத் தள்ளிவைத்த சகோதரிகள் நம்மில் எத்தனையோ பேர். காலம் போகிறதே என்ற கவலை அவர்களுக்குத் தெரியும். அக்னியூ அம்மையாரின் வாழ்வு அவர்களுக்கு ஒரு சாட்சி. தள்ளிப்போன அந்த ஆண்டுகள் வீணாகவில்லை. வந்தபின் நாற்பத்து மூன்று ஆண்டுகள் அவர் யாழ்ப்பாணத்திலேயே இருந்தார். ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உடுவிலில் கற்பித்தார். தாய், மகள், பேர்த்தி என மூன்று தலைமுறைகள் அவர் வகுப்பில் இருந்தன. ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று மிஷன் நூல்கள் அவரை அழைக்கின்றன. 1879இல் ஓய்வுபெற்று, 1883இல் மானிப்பாயில் கண்மூடினார்.

அவரைப் பற்றிய குறிப்புகளில் என் மனதில் நிற்பது வேறொன்று. விடுமுறை வந்ததும் அவர் கிராமம் கிராமமாகப் போய், மணமாகிப்போன தம் பழைய மாணவிகளைப் பார்த்து வந்தார். எழுத்தும் வாசிப்பும் கற்ற பெண் புகுந்த வீட்டில் என்ன ஆனாளோ என்று கவலைப்பட அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. உடுவிலில் இருந்தபடியே கவலைப்பட்டிருக்கலாம். அவர் போய்ப் பார்த்தார். பழைய மாணவிகள் சங்கம் என்ற சொல் யாழ்ப்பாணத்தில் வழங்குமுன்பே அந்தச் சங்கத்தின் வேலையை அவர் தனியொருவராகச் செய்துகொண்டிருந்தார்.

நம் காலத்துச் சந்தி

இவையெல்லாம் பழங்கதை என்று யாரும் நினைக்கவேண்டாம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை, வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. மழையில், நாவற்குழிப் பாலத்தருகே அடியெடுத்து வைக்க இடமின்றிச் சனம் நின்றது. நாளைக்கு எங்கே உறங்குவோம் என்பதே எவருக்கும் தெரியாத இரவு அது. அந்தப் பாதையில் நடந்தவர்கள் இம்மலரின் வாசகிகளில் இருக்கிறார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இதை வாசிப்பவர்களின் தாய்மார் பலர் அதில் நடந்தவர்கள்.

சில வாரங்களிலேயே இடம்பெயர்ந்த பிள்ளைகளைக் கூட்டி ஆசிரியைமார் மறுபடி கற்பிக்கத் தொடங்கினார்கள். இரவல் கட்டடத்திலும் மரநிழலிலும் பாடம் நடந்தது. பரீட்சை நடக்குமா என்று தெரியாமலே பரீட்சைக்குப் படிப்பித்தார்கள். அவர்களிற் கிறிஸ்தவர்களும் இருந்தனர், சைவர்களும் இருந்தனர். நாளையை இறைவன் கையில் விட்டு இன்றைய பிள்ளையைக் கவனிக்கும் பாடத்தை அவர்கள் கரும்பலகையில் எழுதவில்லை. செய்து காட்டினார்கள்.

அந்த ஆண்டுகளில் ஜெபித்த எல்லோருடைய பிள்ளைகளும் திரும்பி வரவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். இன்னும் காத்திருக்கும் தாய்மாரிடம் கவலைப்படாதே என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவர்கள் அருகே போய் உட்காரலாம். ஆண்டவரும் லாசருவின் கல்லறையருகே மரியாளிடம் போதகம் செய்யாமல் அழுதார்.

பிலிப்பியின் பெண்களும் நாமும்

எதற்கும் கவலைப்படாமல் உங்கள் விண்ணப்பங்களைத் தேவனிடம் தெரிவியுங்கள் என்ற பொருளில் பவுல் பிலிப்பியருக்கு எழுதியது நாம் அறிந்ததே. அதை அவர் எழுதியது காவலில் இருந்தபோது. அந்தச் சபை எப்படித் தொடங்கியது என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரம் கூறுகிறது. ஆற்றங்கரையில் ஜெபிக்கக் கூடிய பெண்களிடமிருந்து தொடங்கியது. அவர்களுள் ஒருத்தி இரத்தாம்பரம் விற்ற லீதியாள். தொழில் செய்தவள், வீட்டைத் திறந்து ஊழியக்காரருக்கு இடம் கொடுத்தவள்.

இன்னொன்றும் உண்டு. கவலையைப் பற்றிய அந்த அறிவுரைக்குச் சற்று முன்னே, எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரு பெண்கள் ஒரே மனதாயிருக்கும்படி பவுல் வேண்டுகிறார். இருவரும் சபைக்காக உழைத்தவர்கள், ஆனால் ஒத்துப்போகவில்லை. சங்கக் கூட்டங்களில் இருந்த நமக்கு இது விளங்காதா? அவர்களுக்குத் துணைசெய் என்று ஒருவரிடம் கேட்டுக்கொண்ட பின்னரே கவலையைப் பற்றி எழுதுகிறார். தனித்தனியே கவலையைச் சுமப்பதைவிட ஒரே மனதாய் ஒருவர் பாரத்தை ஒருவர் தாங்குவது முந்தி வருகிறது.

நூறு ஆண்டுகளாக நம் சங்கம் செய்ததும் இதுவே. கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு யாரோ ஒரு பழைய மாணவி கட்டினார். கூரை ஒழுகியபோது யாரோ காசு அனுப்பினார். பெயர் போடவேண்டாம் என்று எழுதியவர்களும் உண்டு. அந்தப் பிள்ளையின் வீட்டில் அன்று, கர்த்தர் பார்த்துக்கொண்டார் என்றோ முருகன் கண்திறந்தார் என்றோ சொல்லியிருப்பார்கள். அனுப்பியவரின் கை அந்த நன்றியில் மறைந்துபோயிற்று. அது மறைந்தே இருக்கட்டும்.

ஆகவே அன்புச் சகோதரிகளே, அடுத்த நூறாண்டில் பாடசாலைக்குப் பிள்ளைகள் வருவார்களா, சங்கத்தை நடத்த இளையவர்கள் முன்வருவார்களா, தூரதேசங்களில் பிறந்த நம் பேர்த்திமாருக்கு இந்த வாசலின் அருமை தெரியுமா என்று நாம் கூடும் இடமெல்லாம் கேட்டுக்கொள்கிறோம். 1824இல் ஹரியட் அம்மையாருக்கு இதைவிடக் கடினமான கேள்விகள் இருந்தன. எதற்கும் பதில் தெரியாமலே அவர் வகுப்பைத் தொடங்கினார். நமக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, தொலைபேசி எடுத்து நலம் கேட்காத ஒரு தோழி, முதுமையில் தனித்திருக்கும் ஓர் ஆசிரியை, இவர்கள் இன்றைக்கு நம் கையில் இருக்கிறார்கள். இன்றைக்கு உரியதை நாம் செய்வோம். நாளை என்றும் அவருடையதே.